வட்ட விறகடுக்கு

வட்ட விறகடுக்கு என்பது பிளந்த விறகைத் தரையில் வட்டமாகச் சுற்றி அடுக்கி, நடுப்பகுதியை விறகாலேயே நிரப்பி, உச்சியைக் கூம்பு அல்லது கவிகை வடிவில் மூடிக் காற்றில் உலர வைக்கும் முறையாகும். இம்முறை ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் ஊர்ப்புறங்களில் காணப்படுகிறது. தோற்றத்தில் இது வைக்கோற்போரை ஒத்தது. பொதுவாக 2 முதல் 3 மீட்டர் விட்டமும் ஏறத்தாழ அதே அளவு உயரமும் கொண்டதாக அமைக்கப்படும். கயிறு, ஆணி, சட்டம், சுவர் என எந்தத் தாங்கலும் இன்றி, விறகுகளின் எடையும் உட்புறச் சாய்வும் மட்டுமே இவ்வடுக்கை நிலைநிறுத்துகின்றன.

ஜெர்மனியில் அன்றாடம் கண்ணில் படுவது இவ்வடுக்கு அன்று. வீட்டின் இறவாரத்தின் கீழ், வெயில் படும் சுவரோரமாக நேர்வரிசையில் விறகை அடுக்குவதே அங்கு பெருவழக்கு. சுவரோ கொட்டகையோ இல்லாத திறந்த நிலத்தில், குறைந்த இடத்தில் நிறைய விறகைச் சேமிக்க வேண்டியபோதே வட்ட அடுக்கு பயன்படுகிறது.

பெயர்

ஜெர்மன் மொழியில் இதனை ஹோல்ஸ்மீட்டெ என்றும், வட்ட வடிவைக் குறிப்பிட்டு ருண்ட்மீட்டெ என்றும் அழைப்பர். ஹோல்ஸ் என்பது மரம் அல்லது விறகு. மீட்டெ என்பது உருளைக்கிழங்கு, பீட்ரூட் போன்ற விளைபொருள்களைக் குளிர்காலத்துக்காகக் குவித்து மூடி வைக்கும் குவியலைக் குறிக்கும் வேளாண் சொல்லாகும். இது கூம்பு என்னும் பொருளுடைய மெட்டா என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இதே ஒலிப்புடைய இன்னொரு ஜெர்மன் சொல்லுக்கு வீட்டு வாடகை என்று பொருள். இரண்டிற்கும் தொடர்பில்லை.

அமெரிக்காவிலும் பிற ஆங்கில மொழி நாடுகளிலும் இவ்வடுக்கு 'ஹோல்ஸ் ஹௌசன்' என்ற பெயரில் அறியப்படுகிறது. இதற்கு 'மரவீடு' என்று பொருள் கூறுவது பரவலாக இருப்பினும் அது பொருத்தமாக இல்லை. ஜெர்மன் மொழியில் வீடு என்பதன் பன்மை ஹொய்சர் ஆகும். ஹௌசன் என்பது ஊர்ப்பெயர்களின் ஈற்றில் வரும் பழைய வடிவம். ஹோல்ஸ்ஹௌசன் என்ற பெயரில் ஜெர்மனியில் பல ஊர்கள் உள்ளன. குவியல் என்பதற்கான ஜெர்மன் சொல் ஹௌஃபன் என்பதையும் இங்கு ஒப்பு நோக்கலாம்.

விறகு உலர வேண்டியதன் காரணம்

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீராகும். இந்த நீர் இரு நிலைகளில் உள்ளது. உயிரணுக்களின் உட்குழிகளில் தளர்வாக இருக்கும் நீர் எளிதில் வெளியேறும். உயிரணுச் சுவர்களில் பிணைந்துள்ள நீர் மெதுவாகவே வெளியேறும். முதல்வகை நீர் முழுதும் நீங்கி, சுவர்கள் மட்டும் நிறைந்திருக்கும் நிலை இழைநிறைவுப் புள்ளி எனப்படும். பெரும்பாலான மரங்களில் இது உலர் எடையில் 28 முதல் 30 விழுக்காடு அளவில் அமையும். இப்புள்ளிக்குக் கீழே செல்லும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது.

விறகின் ஈரத்தைக் குறிக்க இரண்டு அளவைகள் வழக்கில் உள்ளன. இவற்றைக் குழப்பிக்கொள்வதே இத்துறையில் மிகப் பொதுவான பிழை எனலாம். நீரின் எடையை விறகின் மொத்த எடையால் வகுத்தால் கிடைப்பது நீர்ச்செறிவு. நீரின் எடையை முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடையால் வகுத்தால் கிடைப்பது மர ஈரப்பதம். நீர்ச்செறிவு 20 விழுக்காடு எனில் மர ஈரப்பதம் 25 விழுக்காடு. நீர்ச்செறிவு 50 விழுக்காடு எனில் மர ஈரப்பதம் 100 விழுக்காடு. கடைகளில் கிடைக்கும் ஈரமானிகள் பெரும்பாலும் இரண்டாவது அளவையே காட்டுகின்றன.

ஈர விறகால் ஏற்படும் இழப்பு பெரும்பாலும் ஒரு கிலோகிராமுக்கான வெப்ப மதிப்பைக் கொண்டு விளக்கப்படுகிறது. நீர்ச்செறிவு 20 விழுக்காடாக உள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 4 கிலோவாட் மணி வெப்பத்தைத் தரும். 50 விழுக்காடு எனில் சுமார் 2.2 கிலோவாட் மணி மட்டுமே. இது சரியான கணக்கே ஆயினும், பாதி வெப்பம் வீணாகிறது என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. ஈர விறகின் ஒரு கிலோவில் மரமே குறைவாக உள்ளது என்பதே முதன்மைக் காரணம். ஒரே அளவு மரத்தை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் உண்மை நிலை தெரியும். ஒரு கனமீட்டர் அடுக்கில் உள்ள பீச் விறகில் ஏறத்தாழ 390 கிலோ உலர் மரம் உள்ளது. அது 20 விழுக்காடு நீர்ச்செறிவில் சுமார் 1,940 கிலோவாட் மணி வெப்பத்தையும், 45 விழுக்காடு நீர்ச்செறிவில் சுமார் 1,790 கிலோவாட் மணி வெப்பத்தையும் தரும். நீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம் ஏறத்தாழ 8 விழுக்காடுதான்.

உண்மையான கேடு வேறிடத்தில் உள்ளது. நீர் ஆவியாகும்போது அடுப்பின் வெப்பநிலை தாழ்கிறது. மரத்திலிருந்து வெளிப்படும் வளிமங்கள் முழுமையாக எரிவதற்குப் போதிய வெப்பம் கிடைப்பதில்லை. எரியாத அவ்வளிமங்கள் புகையாகவும் நுண்துகள்களாகவும் வெளியேறி மூச்சுக்குத் தீங்கு செய்கின்றன. எஞ்சியவை புகைபோக்கியின் உட்சுவரில் தாராகவும் பளபளப்பான கரியாகவும் படிகின்றன. இப்படிவு ஒருநாள் தீப்பற்றினால் புகைபோக்கியினுள் வெப்பநிலை 1,000 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். சுவர் வெடித்து வீடு முழுதும் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. புகைபோக்கித் தீயை நீர் ஊற்றி அணைக்க முயலக்கூடாது. நீர் நொடியில் நீராவியாகிப் புகைபோக்கியைப் பிளந்துவிடும்.

அமைக்கும் முறை

வெயிலும் காற்றும் தாராளமாகக் கிடைக்கும், நீர் தேங்காத இடம் தெரிவு செய்யப்படுகிறது. தரையிலிருந்து ஈரம் ஏறாதிருக்கச் சரளைக் கற்கள், மரத்தட்டுகள் அல்லது இணையாகப் போட்ட கழிகள் அடித்தளமாகின்றன. வீட்டுச் சுவரிலிருந்து விலகி அமைப்பது நல்லது.

வட்டத்தின் நடுவில் ஒரு கழி நட்டு, அதில் கட்டிய கயிற்றைக் கொண்டு வட்டம் வரையப்படுகிறது. முதலில் வட்டக்கோட்டின் மீது விறகுகள் ஒன்றன் முனையை ஒன்று தொடுமாறு, கோட்டின் போக்கிலேயே கிடத்தப்படுகின்றன. இந்த முதல் வளையத்தை அடிவளையம் எனலாம். அடுத்த சுற்றில் விறகுகளின் திசை மாறுகிறது. ஒவ்வொரு விறகும் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல மையத்தை நோக்கி வைக்கப்படுகிறது. அதன் வெளிமுனை அடிவளையத்தின் மீதும், உள்முனை தரையிலும் அமையும். இதனால் எல்லா விறகுகளும் உட்புறமாகச் சாய்கின்றன. அடுக்கு வெளிப்புறமாகச் சரியாமல் நிற்பதற்கு இச்சாய்வே காரணமாகும்.

இதே போல் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பும்போது ஒரு சிக்கல் தானாகவே தோன்றும். 33 செ.மீ. நீளமுள்ள விறகைக் கொண்டு 2.5 மீட்டர் விட்டத்தில் அடுக்குவதாகக் கொள்வோம். வெளிச்சுற்றளவு சுமார் 7.85 மீட்டர், விறகின் உள்முனைகள் அமையும் சுற்றளவு சுமார் 5.78 மீட்டர். உள்முனைகள் நெருக்கமாக ஒன்றையொன்று தொடும்போது, வெளிமுனைகளுக்கு இடையே கால்பங்குக்கு மேற்பட்ட இடம் வெறுமையாக இருக்கும். மேலே வைக்கும் விறகின் வெளிமுனை அவ்விடைவெளிக்குள் அமிழ்ந்துவிடும். எனவே ஒவ்வொரு சுற்றிலும் உட்பகுதி சற்று விரைவாக உயர, வெளிப்பகுதி பின்தங்கும். சில சுற்றுகளுக்குப் பின் சாய்வு சமநிலையாகி, அதன்பின் வெளிப்புறமாகத் திரும்பிவிடும். அந்நிலைக்கு விட்டால் அடுக்கு நிச்சயம் சரியும்.

இதற்கான தீர்வு எளியது. சாய்வு குறைவதைக் கண்டவுடன், அடிவளையத்தில் செய்தது போன்றே மெல்லிய விறகுகளை வெளிவிளிம்பின் போக்கில் கிடத்தி மீண்டும் உயர்த்த வேண்டும். ஒருபுறம் பருத்தும் மறுபுறம் சிறுத்தும் உள்ள விறகுகளில் பருத்த முனையை வெளிப்புறம் வைப்பதும் உதவும். இவ்வடுக்கைக் கட்டுவதில் உள்ள கைத்திறன் என்பது பெரும்பாலும் இச்சாய்வைக் கவனித்துக்கொண்டே இருப்பதுதான். ஒவ்வொரு சுற்றிலும் சற்று விலகி நின்று பார்ப்பவரின் அடுக்கு பல ஆண்டு நிற்கும்.

வெளிச்சுவர் எழும்ப எழும்ப நடுப்பகுதியும் நிரப்பப்படுகிறது. கோணல் கட்டைகள், கணுக்கள், குட்டையான துண்டுகள் ஆகியன இங்கு இடம்பெறும். நேர்வரிசையில் இவற்றை அடுக்குவது கடினம் என்பதால் வட்ட அடுக்கின் ஒரு பெரும் வசதியாக இது கருதப்படுகிறது. நடுவில் உள்ளவற்றைச் செங்குத்தாக நிறுத்துவது மரபு. அவ்வாறு நிறுத்தினால் மேலும் கீழும் காற்று செல்ல வழி கிடைக்கும். விறகை அள்ளிக் கொட்டினால் காற்று வழி அடைபடுவதோடு, கொட்டிய விறகின் தள்ளுவிசை வெளிச்சுவரையும் நெருக்கும்.

தோள் உயரத்துக்கு மேல் சுற்றுகள் சிறிது சிறிதாக உள்வாங்கப்படுகின்றன. இறுதியில் சாய்வு வேண்டுமென்றே வெளிப்புறம் திருப்பப்பட்டு, பட்டையுள்ள விறகுகள் ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு பட்டைப்புறம் மேல்நோக்கி வைக்கப்படுகின்றன. மழைநீர் பட்டையின் மீது வழிந்து வெளியே விழும். மழை மிகுந்த பகுதிகளில் உச்சியை மட்டும் தகரத்தாலோ தார்ப்பாயாலோ மூடுவதுண்டு. அடுக்கு முழுவதையும் நெகிழித் தாளால் சுற்றுவது தவறு. வெளியேற வேண்டிய ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

பட்டை மேல்நோக்கி இருக்க வேண்டுமா கீழ்நோக்கி இருக்க வேண்டுமா என்பது விறகு அடுக்குவோரிடையே தீராத விவாதமாகும். 2013 பிப்ரவரியில் நோர்வே நாட்டின் பொதுத் தொலைக்காட்சி விறகு பற்றி 12 மணிநேர நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியபோது, பட்டை மேல்நோக்கி இருந்ததாகப் பாதிப்பேரும் கீழ்நோக்கி இருந்ததாக மீதிப்பேரும் குறைகூறினர் என்று செய்திகள் வெளியாயின. மழைபடும் மேற்பரப்பில் மட்டுமே பட்டை மேல்நோக்கி இருப்பது முக்கியம். கூரைக்கு உட்பட்ட விறகுகளில் பிளந்த பரப்புக்குக் காற்று கிடைப்பதே முதன்மையானது.

நடுக்கழியும் சுருக்கமும்

வட்டம் வரையப் பயன்பட்ட நடுக்கழியை எடுக்காமல் விட்டு, அடுக்கின் உச்சி மட்டத்தை அதில் குறித்துவைக்கும் வழக்கம் உள்ளது. விறகு உலர உலர அடுக்கு தாழும். கழியில் உள்ள குறி மேலே தெரியத் தொடங்கும். எவ்வளவு தாழும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பச்சை நிலையிலிருந்து முழு உலர்வு வரை பீச் மரம் ஆரத் திசையில் சுமார் 5.8 விழுக்காடும், வளையத் திசையில் சுமார் 11.8 விழுக்காடும் சுருங்கும். இழையின் நீளப்போக்கில் சுருக்கம் மிகச் சிறிது. விறகு 18 விழுக்காடு மர ஈரப்பதத்தை எட்டும்போது இச்சுருக்கத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிகழ்ந்திருக்கும். எனவே 2.5 மீட்டர் உயர அடுக்கு சுருக்கத்தால் மட்டும் சுமார் 9 செ.மீ. தாழும். விறகுகள் தம் இடத்தில் அமுங்கிப் பொருந்துவதால் ஏற்படும் இறக்கம் இதற்கு மேல்.

ஆயினும் இக்கழியை ஈரமானியாகக் கொள்ள முடியாது. முன்னர்க் கூறியபடி, இழைநிறைவுப் புள்ளி வரை மரம் சுருங்குவதே இல்லை. வெளியேற வேண்டிய நீரில் பெரும்பகுதி கழியில் எந்த மாற்றமும் தெரியாமலே போய்விடும். உலர்ந்ததா என்று அறிய நம்பகமான வழி, அடுக்கின் உட்பகுதியிலிருந்து ஒரு விறகை எடுத்துப் புதிதாகப் பிளந்து, அப்புதிய பரப்பின் நடுவில் ஈரமானியின் முட்களைப் பதிப்பதாகும். வெளிப்பரப்பில் அளந்தால் கிடைக்கும் எண் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

காற்றோட்டம் குறித்த கருத்துகள்

வட்ட அடுக்கின் நடுப்பகுதி புகைபோக்கியாகச் செயல்படுகிறது என்றும், சூடான காற்று கீழிருந்து மேலே எழுந்து ஈரத்தை உச்சி வழியே வெளியேற்றுகிறது என்றும், அதனால் இவ்வடுக்கில் விறகு மிக விரைவாக உலர்கிறது என்றும் பல நூல்களிலும் கையேடுகளிலும் கூறப்படுகிறது. இக்கருத்தை அப்படியே ஏற்பதற்கில்லை.

நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. 20 பாகை செல்சியசும் 50 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட காற்று ஈர விறகின் இடையே சென்று 15 பாகைக்குக் குளிர்ந்தால், அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 88 விழுக்காடாக உயரும். நீராவி காற்றைவிட இலேசானது என்பது உண்மையே. எனினும் குளிர்ச்சியால் ஏற்படும் அடர்த்தி உயர்வு அதைவிடப் பெரிது. மொத்தத்தில் அக்காற்று வெளிக்காற்றைவிடச் சுமார் ஒன்றரை விழுக்காடு கனமாகிவிடும். கனமான காற்று கீழ்நோக்கியே செல்லும். மர அறுவை ஆலைகளில் பலகைகளை உலர்த்துவோர் இதனை நன்கறிவர். பலகை அடுக்கின் நடுவே அவர்கள் விடும் செங்குத்து இடைவெளி, குளிர்ந்த ஈரக்காற்று இறங்கி அடியில் வெளியேறுவதற்கானதாகும்.

அதாவது பச்சை விறகால் ஆன அடுக்கில் காற்று பெரும்பாலும் மேலிருந்து கீழே செல்லும். வெயில் அடுக்கைச் சூடாக்கும் நேரத்திலும், விறகு ஓரளவு உலர்ந்த பின்னரும் மேல்நோக்கிய ஓட்டம் ஏற்படலாம். காற்று வீசும் நாளில் இவ்விரண்டையும் விடப் பக்கவாட்டுக் காற்றே மேலோங்கும். எத்திசையானாலும் அடிப்பகுதி திறந்திருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் பயனுள்ள முடிவு. விறகை நேராகத் தரையில் அடுக்கினால் இறங்கி வரும் ஈரக்காற்று வெளியேற வழியின்றி அங்கேயே தங்கும். பல வட்ட அடுக்குகளில் அடிப்பகுதி விறகு மட்டும் பூஞ்சை பிடித்துக் கிடப்பதற்குத் தரை ஈரத்தோடு இதுவும் ஒரு காரணம்.

நேர்வரிசையுடன் ஒப்பீடு

2.5 மீட்டர் விட்டமும் 2 மீட்டர் சுவர் உயரமும் உடைய வட்ட அடுக்கின் கொள்ளளவு, கூரையை நீக்கிப் பார்த்தால், சுமார் 9.8 கனமீட்டர். இதே கொள்ளளவை 33 செ.மீ. அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட ஒற்றை வரிசையில் அடுக்க வேண்டுமெனில் ஏறத்தாழ 15 மீட்டர் நீளம் தேவைப்படும். இடச் சிக்கனத்தில் வட்ட அடுக்கின் மேன்மை ஐயத்துக்கிடமற்றது.

காற்றுபடும் பரப்பைப் பார்த்தால் நிலை தலைகீழாகிறது. நேர்வரிசையின் இரு முகங்களும் சேர்ந்து சுமார் 59 சதுர மீட்டர். வட்ட அடுக்கின் பக்கப்பரப்பு 16 சதுர மீட்டருக்கும் குறைவு. மரத்தில் ஈரம் இழையின் போக்கில் செல்லும் வேகம் குறுக்குத் திசையைவிடப் பத்து முதல் பதினைந்து மடங்கு அதிகம் என்பதால், வெட்டுமுகங்களுக்குக் காற்று கிடைப்பது முக்கியம். நேர்வரிசையில் ஒவ்வொரு விறகின் இரு வெட்டுமுகங்களும் வெளியே தெரிகின்றன. வட்ட அடுக்கில் வெளிச்சுவர் விறகுகளுக்கு ஒன்று மட்டுமே வெளியே உள்ளது; நடுப்பகுதி விறகுகளுக்கு எதுவுமில்லை. ஆகவே விரைவாக உலர்த்துவது நோக்கமெனில் ஒற்றை நேர்வரிசையே சிறந்தது. இடம், தாங்கலின்மை, கோணல் கட்டைகளுக்கு இடம் கிடைத்தல், அழகு ஆகியவற்றுக்காகவே வட்ட அடுக்கைத் தேர்ந்தெடுக்கலாம். ஓரளவு உலர்ந்த விறகை நெடுநாள் சேமிக்க இது மிகவும் ஏற்றது.

அளவைகள்

விறகு வாங்குவோரும் விற்போரும் மூன்று வகைக் கனமீட்டர்களைக் கையாளுகின்றனர். இடைவெளியே இல்லாத திண்ம மரத்தின் ஒரு கனமீட்டர் ஃபெஸ்ட்மீட்டர். ஒழுங்காக அடுக்கிய விறகின் ஒரு கனமீட்டர் ரௌம்மீட்டர் அல்லது ஸ்டேர். இதில் திண்ம மரம் ஏறத்தாழ 0.7 கனமீட்டர். கொட்டிக் குவித்த விறகின் ஒரு கனமீட்டர் ஷூட்ரௌம்மீட்டர். இதில் மரம் இன்னும் குறைவு. ஸ்டேர் என்ற அலகு 1795இல் பிரான்சு நாட்டில் மெட்ரிக் முறையுடன் பிறந்தது. ஜெர்மனியில் 1872இல் மெட்ரிக் முறை கட்டாயமாவதற்கு முன், வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்ட கிளாஃப்டர் என்ற அலகு வழங்கியது.

வட்ட அடுக்கின் கொள்ளளவை நேராக ரௌம்மீட்டராகக் கொள்ள இயலாது. ஒழுங்கற்ற நடுப்பகுதியில் இடைவெளி அதிகம். மேற்கண்ட அடுக்கில் கூரையையும் சேர்த்தால் மொத்தக் கொள்ளளவு சுமார் 10.6 கனமீட்டர். அதனை 9 ரௌம்மீட்டர் என மதிப்பிட்டால், பீச் விறகு தரும் வெப்பம் ஏறத்தாழ 17,500 கிலோவாட் மணி. இது 1,750 லிட்டர் சூடேற்றும் எண்ணெய்க்கு இணையாகும். அதே அடுக்கு 45 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடு நீர்ச்செறிவுக்கு உலரும்போது வெளியேறும் நீர் ஏறத்தாழ 2,000 லிட்டர். இரண்டு டன் நீரை வெயிலும் காற்றும் செலவின்றி அகற்றுகின்றன.

மரவகைகளும் காலமும்

ஜெர்மனியில் மிகவும் விரும்பப்படும் விறகு பீச் ஆகும். ஓக், ஆஷ், பிர்ச், ஸ்புரூஸ், பைன் ஆகியனவும் பயன்படுகின்றன. ஒரு கிலோவுக்கான வெப்ப மதிப்பில் இவற்றிடையே பெரிய வேறுபாடில்லை; அடர்த்தியே வேறுபடுகிறது. ஒரு ரௌம்மீட்டர் பீச் அல்லது ஓக் விறகு தரும் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கையே ஸ்புரூஸ் தரும்.

உலரும் காலத்துக்கு மரபான கணக்கு உண்டு: ஸ்புரூஸ், பாப்லர் ஆகியவற்றுக்கு ஓராண்டு, பிர்ச்சுக்கு ஒன்றரை ஆண்டு, பீச், ஆஷ் ஆகியவற்றுக்கு இரண்டு ஆண்டு, ஓக்குக்கு இரண்டு முதல் மூன்று ஆண்டு. பவேரிய மாநிலத்தின் ஸ்ட்ரௌபிங் நகரில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள், குளிர்காலத்தில் வெட்டி உடனே பிளந்து, காற்றோட்டமான இடத்தில் அடுக்கிய விறகு ஒரே கோடையில் 20 விழுக்காடு நீர்ச்செறிவை எட்டக்கூடும் எனக் காட்டியுள்ளன. வட்ட அடுக்கின் நடுப்பகுதிக்கு இதனைப் பொருத்திப் பார்க்காமல், இரண்டு கோடைகள் எனக் கொள்வதே பாதுகாப்பானது.

உடனே பிளப்பது இன்றியமையாதது. பிர்ச் மரத்தின் பட்டை நீர் புகாதது. பிளக்காமல் விட்டால் மரம் உள்ளிருந்தே அழுகும். பீச் மரமும் பிளக்காமல் கிடந்தால் சில மாதங்களில் பூஞ்சை தாக்கி நிறம் மாறும். பட்டையுடன் கூடிய பச்சை ஸ்புரூஸ் விறகைக் காட்டோரம் அடுக்குவது பட்டைவண்டுகள் பெருக இடமளிக்கும். 2018 முதல் 2020 வரையிலான வறட்சி ஆண்டுகளில் இவ்வண்டுகளால் ஜெர்மனியின் ஸ்புரூஸ் காடுகள் பேரழிவைச் சந்தித்தன.

சட்டநிலை

ஜெர்மனியில் ஏறத்தாழ 1.1 கோடி சிறு அடுப்புகளும் கணப்புகளும் உள்ளன. 2010 மார்ச் 22 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட மாசுத் தடுப்பு ஒழுங்குவிதி, இவற்றில் எரிக்கப்படும் விறகின் மர ஈரப்பதம் உலர் எடையில் 25 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என வரையறுக்கிறது. 20 விழுக்காடு நீர்ச்செறிவு என்று கையேடுகள் கூறுவதும் இதுவேயாகும். புகைபோக்கித் துப்புரவாளர் வீட்டுக்கு வரும்போது அடுப்பை மட்டுமன்றி விறகையும் சோதிக்கலாம். 1995 தொடக்கத்துக்கும் 2010 மார்ச்சுக்கும் இடையே நிறுவப்பட்ட அடுப்புகள், நிர்ணயித்த துகள், கார்பன் மோனாக்சைடு வரம்புகளை நிறைவு செய்யாவிடில், 2024 இறுதியுடன் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட வேண்டியவையாயின.

2022இல் உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பைத் தொடர்ந்து எரிவளி விலை ஏறியபோது விறகின் தேவையும் விலையும் கடுமையாக உயர்ந்தன. விறகு அடுக்குவதில் முன்பழக்கமில்லாத பலர் அவ்வாண்டு பச்சை விறகை வாங்கினர். உலர்ந்த விறகு வேண்டின் குறைந்தது ஓராண்டு முன்னரே வாங்கியிருக்க வேண்டும் என்பதால், அக்குளிர்காலத்துக்கு அவ்விறகு பயன்படக்கூடியதாக இருக்கவில்லை.

கரிமூட்டத்துடன் ஒப்புமை

மரக்கரி தயாரிப்போர் அமைக்கும் மைலர் எனப்படும் கரிமூட்டமும் வட்ட விறகடுக்கைப் போன்றே நடுவில் ஒரு கழியை அல்லது குழலை வைத்து, அதனைச் சுற்றி விறகை நிறுத்தி, கவிகை வடிவில் முடிக்கப்படுவது. ஆனால் நோக்கம் நேர்மாறானது. கரிமூட்டம் காற்றைத் தடுப்பதற்காக மண்ணும் புல்லும் கொண்டு மூடப்படுகிறது; விறகடுக்கு காற்றை உள்ளே விடுவதற்காகத் திறந்து வைக்கப்படுகிறது. கரிமூட்டும் தொழில் 2014இல் ஜெர்மனியின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பிரித்தெடுத்தல்

வட்ட அடுக்கிலிருந்து விறகை எடுக்கும்போது கவனம் தேவை. ஒரு பக்கத்தில் இருந்து உருவத் தொடங்கினால் வளையம் அறுபட்டு, எஞ்சிய சுவர் அப்பக்கமாகச் சரியும். பல டன் எடையுள்ள அடுக்கு சரிவது உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தைகளை அதன்மீது ஏற விடக்கூடாது. உச்சியிலிருந்து தொடங்கி, சுற்றுச் சுற்றாகக் கீழிறங்குவதே முறை. கூரை நீங்கியபின் மழை உள்ளே இறங்கும் என்பதால், பலர் இலையுதிர் காலத்தில் ஒரே மூச்சில் அடுக்கைப் பிரித்து, விறகைக் கொட்டகைக்கு மாற்றிவிடுகின்றனர். இரண்டு அடுக்குகள் வைத்திருப்போர் ஒன்றை எரிக்கும் ஆண்டில் மற்றொன்றை உலரவிடுவர். அடிவளையத்து விறகுகள் மற்றவற்றைவிட ஈரமாக இருக்கும் என்பதால் அவை தனியே ஒதுக்கப்பட்டு, அடுத்த அடுக்கின் உச்சியில் வைக்கப்படுகின்றன.